மூச்சுப் பிடிக்கும் மேசன்

பாயைக் காட்டிப் படுக்கச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இடுப்புக்குப் பின்னால், நாரியில், இரண்டு வருடமாக விடாத நோ. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போட வேண்டும், குளிசை தர வேண்டும். இந்த ஆஸ்பத்திரியில், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த, பயிற்சி சொல்லித்தரும் ஒரு பிசியோதெரபிப் பிள்ளை, முழங்காலை மடக்கிக்கொண்டு மல்லாந்து படுக்கச் சொல்கிறாள். இரண்டு முழங்காலையும் சேர்த்து மெல்ல ஒரு பக்கம் சாய்க்க வேண்டுமாம். சாய்க்கும்போது மூச்சை விட வேண்டுமாம். நாரி எப்படி அசைகிறதென்று மனதைக் கொண்டுபோய் அங்கே வைத்துக் கவனிக்க வேண்டுமாம். இரண்டு வருடமாக என் மனம் வேறெங்கே இருந்தது?

“என்ன வேலை செய்யிறனீங்கள் ஐயா?”

“மேசன் வேலை,” என்றேன்.

நான் ஒரு கல்லும் வைத்துக் கட்டியவனில்லை. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். என்னோடு குளித்த ஒருவன் தோள் நோவென்று போய் உள்ளதைச் சொல்ல, இனிக் கடலில் இறங்கவே கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அடம்பன் ஊரில் யாருடைய மாட்டையோ மேய்க்கிறான். என் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கப்போவதாகப் படகுக்காரரும் சாடையாகச் சொல்லியிருந்தார். எனக்கு நாரியும் சுகமாக வேண்டும், கடலும் வேண்டும். நான் குளிக்கிறவன் என்று ஒருவரிடமும் மூச்சு விடாதே என்று மனைவிக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

“மூச்சை விடுங்கோ,” என்றாள் அந்தப் பிள்ளை.

“விட்டுக்கொண்டுதானே கிடக்கிறன்.”

“இல்லை ஐயா. காலைச் சாய்க்க முதல் நெஞ்சை நிரப்பி அடக்கிப்போடுறீங்கள். அப்ப நாரியும் சேந்து இறுகுது. நோகும் நோகும் எண்டு அது பயந்து பழகிப் போச்சு.”

“நாரிக்குப் பயமோ? அப்ப நோ மனசிலதான், எனக்கு விசர் எண்டுறியோ?”

“உங்கட நோ உண்மைதான். அதை ஆரும் பொய்யெண்டு சொல்லேல்ல.” பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஆனால் மேசன்மார் இவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க மாட்டினம்,” என்றாள்.

நான் தொழில் பழகியபோது எங்களுக்குக் காற்றுச் சிலிண்டர் கிடையாது. நெஞ்சை நிரப்பிக்கொண்டு இறங்குவதுதான். சிலிண்டர் வந்த பிறகும் கரையில் எதைத் தூக்கினாலும், சாரத்தை இறுக்கிக் கட்டினாலும் கூட, மூச்சை அடக்கிவிட்டுத்தான் செய்கிறேன் என்பது அந்தப் பாயில் கிடந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆனால் அவளுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த கிழமையும் போய், பயிற்சி முடிந்து உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தேன். சுவரோர நீள வாங்கில் இருந்த மனைவியும் அந்தப் பிள்ளையும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வேறு நாளென்றால் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“மூச்சு விடாதை எண்டு சொன்னனான் எல்லோ?”

“நான் சொல்ல முதலே அந்தப் பிள்ளைக்கு விளங்கிற்றுது. கேட்டுது. ஓம் எண்டு சொன்னனான்.”

“கடலுக்கு விடவேண்டாமெண்டும் கேட்டியோ?”

“கேட்டனான். அது டொக்டர்தான் சொல்லவேணுமாம். அதுக்கும் நீங்களே உள்ளதைச் சொன்னால்தானாம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கட்டினவளே காலை வாரினால் யாரை நம்புவது? கத்தினேன். அவள் அழவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை.

“நித்திரையிலயும் மூச்சைப் பிடிக்கிறியள், தெரியுமோ? திரும்ப விடுறியளோ எண்டு பாத்துக்கொண்டு கிடக்கிறன். கலியாணம் கட்டின நாளில இருந்து. உங்களோட சேந்து நானும் எவ்வளவு காலம்தான் மூச்சு விடாமல் கிடக்கிறது?”

மறுநாள் காலை விறாந்தையில் பாயை விரித்துப் படுத்தேன். அந்தப் பிள்ளையை நம்பியல்ல, சும்மா. நோ அப்படியேதான் இருந்தது. மனைவி பாதித் தேங்காயும் கையுமாகக் குசினி வாசலில் வந்து நின்றாள். முழங்காலைச் சாய்த்தேன். வழக்கம்போல நெஞ்சு அடைத்துக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து, மெல்ல, நீளமாக விட்டேன்.

பின்னால் இன்னொரு மூச்சு கேட்டது. அவள் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லை.

அடுத்த முறை பாயில் படுக்க முதல், அந்தப் பிள்ளையிடம், “நான் மேசன் இல்லை,” என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.