லிஃப்ட்காரரின் பத்து நிமிஷம்

எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் கூப்பிடுவது அவரைத்தான். லிஃப்ட்காரர் என்பதே பேராகிவிட்டது. மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். "கதவ நீங்களா இழுக்காதீங்க. பத்தே நிமிஷம்!" என்பார். சுத்தப் பொய். ஒரு மணி நேரம்கூட ஆகும். உள்ளே இருப்பவர் பதறிப்போய்க் கதவைப் பிளந்து, இரண்டு மாடிக்கு நடுவே விழுந்துவிடக் கூடாதே!

"முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட அவ்வளவு பேச்சு, என்கிட்ட மட்டும் வெறும் 'ம்'மா?" என்று மனைவி குத்திக்காட்டுவாள். அதற்கும் "ம்" என்பார்.

அந்த வாய்க்குள்தான் முதல் கொப்புளம் வந்தது. பிறகு முதுகு, மார்பு. சட்டை உரசினாலே தோல் உரிந்து வந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தத் தோலைத் தாக்குகிறது, அபூர்வமான நோய், யாருக்கும் தொற்றாது என்றார் தோல் டாக்டர். ஸ்டீராய்டு மாத்திரையில் புண் ஆறியது, முகம் பூசணிக்காயாக உப்பியது. கண்ணாடி பார்க்கச் சகிக்காமல், அதான் ஆறிப்போச்சே என்று மாத்திரையைத் தானாகவே நிறுத்தினார் இந்த மகா புத்திசாலி. ஊருக்கெல்லாம் கதவை இழுக்காதே என்று சொன்ன மனுஷன்! கொப்புளங்கள் முன்னைவிட மோசமாகக் கிளம்பின.

இப்போது மறுபடி மாத்திரை, கூடவே ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏற்றிய மருந்து. எதிர்ப்புச் சக்தி அடங்கியிருக்கும், சளி இருமல்காரர்கள் கிட்டேயே வரக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்கு வந்து பார்த்தால் மனைவிக்கே காய்ச்சல்! தட்டை அவர் அறை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, முதுகில் ஒட்டிக்கொள்ளும் விரிப்பு. மல்லாந்தும் படுக்க முடியவில்லை, குப்புறவும் முடியவில்லை. ஓடிப்போகலாம் என்றால் தோலைக் கழற்றி வைத்துவிட்டா ஓடுவது? அவருக்கு மூச்சு முட்டியது.

"எனக்கு மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்! நான் வெளிய வரேன்!" என்று கத்தினார்.

வெளியே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"கதவத் தொறந்தீங்கன்னா பாருங்க!" என்றாள் மனைவி. இருமினாள். "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். எங்கயும் போகல. மாத்திரையப் போடுங்க."

"இன்னும் எவ்வளவு நாளு?" குரல் உடைந்துவிட்டது.

நாற்காலி கதவை ஒட்டி நகர்ந்தது.

"பத்தே நிமிஷம்."

எத்தனை பேருக்குச் சொன்ன பொய்! அது எவ்வளவு நீளும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? விசும்பிக்கொண்டே மாத்திரையை விழுங்கினார்.

"ம்," என்றார். பிறகு, "நீ பேசிக்கிட்டே இரு."