திருடனுக்குக் கேட்ட குரல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் கணவர் பாரிசவாதத்தில் விழுந்தபோது, ஏதோ அண்டியிருக்கிறது, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று சொந்தக்காரர் எல்லாம் வந்து நின்றார்கள். அதில் ஒருவரையும் படலைக்கு உள்ளே விடாமல் அவரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவள் நான்தான். கந்தோரில் இருபத்தெட்டு வருடம் கோப்புப் பார்த்திருக்கிறேன், கடதாசியில் இல்லாத ஒன்றை நம்பிப் பழக்கமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் என் தங்கச்சியைப் போல, "அக்காவுக்குத் தனிய இருந்து தலை குழம்பிற்று" என்றுதான் நினைப்பீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

அவர் கல்முனை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். எங்கள் குருக்கள்மடத்துச் சந்திக்குப் பஸ் வருவதற்கு முன்னமே அவருடைய குரல் வந்துவிடும், அடுப்படியில் நின்று நான் கேட்டிருக்கிறேன். நோய் முதலில் எடுத்தது அந்தக் குரலைத்தான். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தார். கண் அசையும், இடது கை கொஞ்சம் அசையும், வாயால் ஒரு சொல் வராது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைப்பேன், முதுகு புண்ணாகாமல் துடைத்துப் பவுடர் போடுவேன், ஒவ்வொரு தரமும், "இஞ்சேருங்க, ஏதும் சொல்லுங்களன்" என்று கேட்பேன். ஒரு ஏச்சையாவது ஏசட்டும் என்றுதான் கேட்டேன். ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்.

அவருக்காக என் சங்கிலியை விற்று, தலைமாட்டை உயர்த்தி இறக்குகிற ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்கியிருந்தேன். அவர் போன பிறகு அது அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது, பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிந்தது. மாரி மழைக்கு முன் கூரையையும் திருத்த வேண்டியிருந்தது. ஆகவே பழைய சாமான் விற்கிற இணையத்தளத்தில் படம் எடுத்துப் போட்டேன்.

அன்று பின்னேரமே ஒருவர் அழைத்தார். பெயர் ரமேஷ் என்றார், கொழும்புப் பக்கம் என்றார், தன்னுடைய அம்மா பாரிசவாதத்தில் விழுந்து ஒரு மாதம் என்றார். அதைக் கேட்டதும் நான் விலையை மறந்துவிட்டேன். எப்படித் திருப்புவது, எந்தப் பக்கம் தலையணை வைப்பது, கஞ்சி எப்படிப் பருக்குவது என்று ஒரு மணித்தியாலம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லும்போது அழுதும் போனேன். "அழாதீங்க அக்கா, நீங்க எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி" என்றார் அவர். இப்போது அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்தால்தான் எனக்கு வாய் கசக்கிறது. கட்டில் போனாலும் போகட்டும், என் கண்ணீரை எதற்கு அவன் வாங்கிக்கொண்டான்?

சனிக்கிழமை, காசு போட்டதற்கான வங்கிச் சீட்டின் படம் போனுக்கு வந்தது. முத்திரை, கையெழுத்து, இலக்கம் எல்லாம் இருந்தது. கேட்ட விலைக்குக் கூடுதலாகவே போட்டிருந்தது. "லொறிக்கூலியையும் சேத்துப் போட்டுட்டன் அக்கா, ட்ரைவர் வந்தா மிச்சத்தை அவர்ர கையில குடுத்துடுங்க. திங்கள் போயா லீவு, பேங்க் இல்ல, காசு உங்கட கணக்குக்கு வரச் செவ்வாயாகும். அம்மாவுக்கு முதுகு புண்ணாகிட்டு, அதுதான் அவசரம்" என்றார். நானும் ஓமென்றேன். கடதாசியை மட்டும் நம்புகிறவளைக் கடதாசியாலேயே ஏமாற்றலாம் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், மூன்று மணி இருக்கும். சின்ன லொறி ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஓட்டமாவடிக்காரர், நாற்பது வயதிருக்கும், அமைதியான மனிதர். அவரையும் ரமேஷ் போனில்தான் பிடித்திருக்கிறான், பொலன்னறுவையில் ஒரு சந்தியில் கட்டிலையும் காசையும் கொடுத்தால் கூலி தருவதாகச் சொல்லியிருக்கிறான். அவர் கயிறு அவிழ்க்க வெளியே போனார். நான் கட்டிலின் கால்மாட்டில் குந்தியிருந்து ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் ஜன்னல் விளிம்பில், ஸ்பீக்கரில் கிடந்தது. ரமேஷ் என்கிறவன் மறுபக்கத்தில், "கெதியா ஏத்துங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

திடீரென்று கேட்டான். "அக்கா, ஆரு அங்க கதைக்கிற?"

"ஒருத்தருமில்ல தம்பி. ட்ரைவர் வெளிய நிக்கிறார்."

"இல்ல, கிட்ட நிண்டு கதைக்கிறார். வயசான ஆள்."

நான் பெரிதாக எடுக்கவில்லை. ஒரு ஆணி இறுகிப்போய் வரமாட்டேன் என்று நின்றது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவனுடைய குரல் வேறு ஆளுடைய குரல் மாதிரி வந்தது.

"ஐயா... ஐயா, என்ட பேர் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரமேஷ் எண்டு நீங்கதானே சொன்னீங்க" என்றேன் நான்.

"அந்தப் பேரில்ல அக்கா" என்றான். நம்பினால் நம்புங்கள், அவன் அழுதான். போன் அறுந்தது. அதன்பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவே இல்லை.

நான் எழும்புவதற்குள் லொறிக்காரர் கையில் கயிற்றோடு வாசலில் வந்து நின்றார்.

"நான் போறன் அக்கா. ஐயா வேணாமெண்டா எனக்கு என்னத்துக்கு?"

"எந்த ஐயா?"

"உள்ள இரிக்கிற ஐயா. காசு வரல்ல, கட்டில ஏத்தாத எண்டு ஜன்னலால சொன்னாரே. பஸ்ஸில ஆக்கள் ஏத்தக் கத்துற மாதிரிச் சத்தம். நீங்க கிட்டத்தானே இரிந்தீங்க, கேக்கல்லயா?"

அறையில் நானும் அரைவாசி கழற்றிய கட்டிலும் மட்டும்தான் இருந்தோம். அவர் எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "இது ஆர்ர கட்டில் அக்கா?" என்று கேட்டார். என் கணவருடையது, அவர் இறந்து மூன்று மாதம் என்று சொன்னேன். அந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பயந்திருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு வந்தது கோபம். வெறும் அறையைப் பார்த்துக் கத்தினேன். "கள்ளனோட கதைக்க வாய் வருது, ரோட்டால போறவரோட கதைக்க வாய் வருது, ரெண்டு வருசம் உங்கட மூத்திரத்தை அள்ளினவளுக்கு ஒரு சொல்லு வரல்லயா?" பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். வாவிப் பக்கத்துக் காற்றுகூட அடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போனேன். அப்படி ஒரு காசே போடப்படவில்லை, சீட்டே பொய் என்றார்கள். அந்தக் கட்டிலைப் பிறகு காத்தான்குடிக் குடும்பம் ஒன்று வாங்கியது, வங்கி வாசலில் நின்று, என் கணக்கில் காசு ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். யாராவது சாமான் விற்கப்போகிறோம் என்றால் இன்றும் நான் இதைத்தான் சொல்கிறேன்: சீட்டைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள், கூடுதலாகப் போட்டுவிட்டேன் மிச்சத்தைத் தாருங்கள் என்று எவனாவது சொன்னால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். இதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மற்றதைச் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

தங்கச்சிக்கும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனபோது, லொறிக்காரரும் விஷயம் கேள்விப்பட்டுத் தானாகவே வந்து சாட்சி சொன்னார். அங்கிருந்த உத்தியோகத்தர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இது அழைப்புகளைத் தானாகவே பதிந்து வைக்கிற போன் என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அழைப்பைப் போட்டார். மூன்று பேரும் கேட்டோம். கெதியா ஏத்துங்க என்கிறான், ஆரு கதைக்கிற என்கிறான், நான் ஒருத்தருமில்லை என்கிறேன், வயசான ஆள் என்கிறான். எல்லாம் நான் உங்களுக்குச் சொன்னபடியேதான். நடுவில் அவனுடையதைத் தவிர வேறு எந்த ஆணின் குரலும் இல்லை. அந்த இடத்தில் வெறும் அமைதி, ஆணி கழற்றுகிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது. ஒரு ஆள் ஆறுதலாக ஏதோ சொல்லி முடிக்கிற அளவு நேரம்.

அதற்குப் பிறகு, அவன் "ஐயா" என்று தொடங்குவதற்கு முன், ஒரு பெண் மெதுவாகப் பேசுகிறாள்.

"ஓம், ஓம். விளங்கிட்டு. நீங்க இனி நித்திரை கொள்ளுங்க."

"இது ஆரு?" என்று உத்தியோகத்தர் கேட்டார். லொறிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என்னுடைய குரல்தான் அது. கூட்டத்துக்குள்ளும் எனக்கு அடையாளம் தெரியும்.

நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், அதுதான் எனக்கு ஞாபகம். அந்தப் பதிவை எத்தனையோ தரம் காதில் வைத்துக் கேட்டுவிட்டேன். அவர் என்னோடும் கதைத்திருக்கிறார், நான் கேட்டுமிருக்கிறேன், பதிலும் சொல்லியிருக்கிறேன்.

என்ன விளங்கியது என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.