சோணையம்மாளின் இடப்பக்கம்

திருவாதவூர்ப் பக்கத்தில் யார் வயலில் நடவு என்றாலும் முதல் போன் சோணையம்மாளுக்குத்தான் வரும். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். "பதினாலு ஆளு, மூணு மணிக்குக் கரையேறிருவோம்" என்பாள். சரியாக மூன்று மணிக்குக் கடைசிப் பெண் வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருப்பாள். ஐம்பத்திரண்டு வயதில், அவள் கணிப்புத் தப்பிய வயல் என்று ஒன்றைக் காட்ட முடியாது.

அப்பேர்ப்பட்டவள், அந்தப் பங்குனி மாதச் சனிக்கிழமை காலையில் மதுரை பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரே ஒரு ஆளைக் கணிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். செல்லத்தாய் இந்த வருஷம் முளைப்பாரி எடுப்பாளா, மாட்டாளா?

செல்லத்தாய் அவளுக்கு முறைக்கு மதினி. முப்பது வருஷமாகப் பக்கத்தில் நின்று நாற்றுப் பிடித்தவள். செல்லத்தாயின் மகள் தமிழ்வாணிக்கு ஆறு வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறி, பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தது. அந்த வராந்தாவில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் ஊர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். பிள்ளை பிழைத்தால், நடக்கக் கால் இருக்கிறவரை ரெண்டு பேரும் சேர்ந்து முளைப்பாரி எடுப்போம் என்று. பிள்ளை பிழைத்தது, படித்தது, நர்ஸ் ஆனது. இருபத்திரண்டு பங்குனியும் ஊர்வலத்தில் வலப்பக்கம் சோணையம்மாள், இடப்பக்கம் செல்லத்தாய்.

மூன்று மாதத்துக்கு முன்னால் தமிழ்வாணிக்குத் திருமங்கலம் பக்கத்து ஆஸ்பத்திரியில் அரசாங்க வேலை கிடைத்தது. அவள் புருஷன் பாண்டிராஜுக்குத் திருப்பூரில் வேலை. வயிற்றில் பிள்ளையோடு அவளைத் தனியாக விட முடியுமா? செல்லத்தாயும் அவள் வீட்டுக்காரர் சிவபாண்டியும் மகளோடு திருநகருக்குக் குடி போய்விட்டார்கள். நாலாவது மாடி.

வருகிற செவ்வாய் காப்புக் கட்டு. அன்றைக்குச் சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி விதை போட்டு வெளிச்சம் படாமல் வளர்த்தால், எட்டாம் நாள் முளைப்பாரி. போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் ஊர் வழக்கம் குறுக்கே நின்றது. முளைப்பாரி எடுக்கச் சொல்லி யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மனசில் தானாகத் தோன்ற வேண்டும். கேட்டு எடுத்த பாரி வாடிவிடும் என்பது அங்கே நம்பிக்கை. அதற்குள் ஊர்வலத்துக்கு ஜோடி எழுதுகிற அன்னக்கொடி இரண்டு தடவை போன் போட்டுவிட்டாள். "உன் ஜோடி டவுன்காரி ஆயிட்டா. இடப்பக்கம் வேற ஆளப் போடவா?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கட்டைப்பையில் மேலே முருங்கைக்காய், அதற்குக் கீழே வறுகடலை. அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மஞ்சப்பை. தட்டாம்பயறும் மொச்சையும் பாசிப்பயறுமாக, சொத்தை இல்லாமல் பொறுக்கி எடுத்த விதை. விதையைக் கொடுப்பது கேட்டதாக ஆகுமா, ஆகாதா? ஒத்தக்கடை தாண்டும்வரை அதே யோசனை.

திருநகரில் சிவபாண்டி வந்து அழைத்துப் போனார். லிஃப்ட் கதவு திறந்தது.

"ஏறு தங்கச்சி."

"எங்கண்ணே ஏற? பீரோ கணக்கால்ல இருக்கு?"

"பீரோதான். நாம சேலை, வேட்டி. ஏறு."

கதவு மூடியது. கிணற்றில் கயிறு பிடித்து இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே, அதே கூச்சம் வந்தது. ஆனால் போவது மேலே. கதவு திறந்தபோது செல்லத்தாய் முன்னால் நின்றாள். சோணையம்மாள் திரும்பி லிஃப்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். ஒரு படி ஏறாமல் நாலு மாடி! மதுரைக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அழகரைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு, துணி எடுக்க. எல்லாம் தரையோடு தரையாக வந்து போனது.

"தரையில முகம் தெரியுதே மதினி! கால் வைக்கவே கூசுது."

"வழுக்கும், பாத்து வா. நான் ரெண்டு தடவ விழுந்துட்டேன்" என்றாள் செல்லத்தாய்.

"மூணு தடவம்மா" என்றாள் தமிழ்வாணி, எட்டு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டே. "வாங்கத்தை!"

கை கால் கழுவலாம் என்று சோணையம்மாள் பக்கத்தில் தெரிந்த குளியலறைக் கதவில் கை வைத்தாள். சிவபாண்டி பாய்ந்து வந்தார்.

"அது வேணாம் தங்கச்சி! குழாய் ரிப்பேரு. அங்கிட்டு இன்னொண்ணு இருக்கு."

"மூணு பேருக்கு ரெண்டு குளிக்கிற ரூமா!" என்று மலைத்தபடியே அவள் அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் செல்லத்தாய் அதே கதவைக் காட்டி, "அதத் தொறந்துறாத மதினி, தமிழு பழைய சாமானப் போட்டு அடைச்சு வச்சிருக்கா" என்றாள். குழாய் ரிப்பேரா, பழைய சாமானா? சோணையம்மாள் மனசில் சின்ன முள் ஒன்று ஏறியது.

மத்தியானம் கறிக்குழம்பு. இலை நிறைய அள்ளி வைத்த செல்லத்தாய், தான் மட்டும் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டாள்.

"ஏன், நீ கறி திங்கல?"

"ஒத்துக்கல மதினி."

எலும்பைக் கடித்துக் கடித்துத் தின்ற பல் அது. மூன்று மாதத்தில் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம். முள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

சாயங்காலம் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே போனதும் எல்லா முள்ளும் மறந்துபோனது.

உலகம் இவ்வளவு அகலமா? ஒரு பக்கம் திருப்பரங்குன்றத்து மலை, கைநீட்டினால் தொட்டுவிடலாம்போல் நின்றது. தூரத்தில் கோபுரங்கள் ஊருக்கு மேலே தலைநீட்டித் தெரிந்தன. ஒரு விமானம் அவள் உச்சியை உரசுகிற மாதிரி இறங்கிப் போனது. அவள் தன்னையறியாமல் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கோடியில பாரு மதினி. என்ன தெரியுது?" என்றாள் செல்லத்தாய்.

வடகிழக்கே, வீடுகளெல்லாம் முடிகிற இடத்தில், படுத்திருந்தது யானைமலை. தினமும் வயலில் நிமிரும்போதெல்லாம் பார்க்கிற மலைதான். ஆனால் ஊரில் இருந்து பார்த்தால் சூரியன் அதற்குப் பின்னால்தான் விழும். சாயங்காலத்தில் மலை கறுத்துக் கிடக்கும். இங்கே இருந்து பார்க்க, விழுகிற வெயிலையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு செம்பு அண்டா மாதிரி மின்னியது. பிறந்ததில் இருந்து தான் பார்த்ததெல்லாம் மலையின் நிழல் பக்கம்தானா? இப்படி ஒரு பக்கத்தையும் வைத்துக்கொண்டா இந்த மலை இத்தனை வருஷம் சும்மா கிடந்தது? அவள் கும்பிட்டாள். எதற்கென்று தெரியவில்லை. கை தானாகக் குவிந்தது.

இருட்டத் தொடங்கியதும் விளக்குகள் பற்றின. ஒன்று, பத்து, நூறு என்று கண்ணுக்கு எட்டியவரை.

"எம்புட்டு வீடு! அம்புட்டுலயும் ஆளு இருக்கா?"

"இருக்காக."

"அம்புட்டுப் பேரும் சோறு திங்கணுமே! அரிசிக்கு எங்க போவாக?"

செல்லத்தாய் சிரித்தாள். "எங்க போவாக? நாம நட்டதுதான்."

சோணையம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. வழக்கம் நினைவுக்கு வந்து விழுங்கிவிட்டாள்.

மறுநாள் விடிகிற நேரம் அவளுக்கு விழிப்புத் தட்டியது. செல்லத்தாய் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு, கையில் செம்புடன் அந்த மூடிய கதவைத் திறந்து உள்ளே போவதைப் பார்த்தாள். உள்ளே தாழ் விழுந்தது. தண்ணீர் சத்தம் கேட்டது.

குழாயும் ரிப்பேர் இல்லை, பழைய சாமானும் இல்லை. வீட்டு ஆட்களுக்கு ஒன்று, வந்த ஆளுக்கு ஒன்று. அவ்வளவுதானே?

கதவுக்கு வெளியே நிற்பது சோணையம்மாளுக்குப் புதிது இல்லை. சின்னப் பிள்ளையில், வேலை செய்த வீடுகளின் கொல்லைப்புறத்தில் நின்று, உயரத்தில் இருந்து ஊற்றிய தண்ணீரைக் கையேந்திக் குடித்திருக்கிறாள். ஆனால் அப்போது பக்கத்தில் நின்று கையேந்தியவளே செல்லத்தாய்தான். அவள் ஒரு கதவை மூடுவாள் என்று நினைத்தே பார்த்ததில்லை.

இட்லி இரண்டோடு கை கழுவினாள். கட்டைப்பையைத் தூக்கினாள்.

"பத்து மணிக்குப் போறேன் மதினி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க ஆளில்ல."

"என்ன பேச்சுப் பேசுற! ஊர்ல உன் வீட்டுக்கார அண்ணேன்தான் இருக்காருல்ல? சாயங்காலம் போகலாம்" என்று செல்லத்தாய் ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

சோணையம்மாள் முகத்தைத் திருப்பினாள். திருப்பிய முகம் அப்படியே நின்றது. பிடித்த கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். மோந்தாள். மறுபடி மோந்தாள்.

"ஏன் மதினி, நாலாவது மாடியில ஏது மாடு?"

முதலில் தமிழ்வாணிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல, அத்தை மூக்குக்கு மறைக்க முடியாதுன்னு!"

"மூணாவது ஸ்டாப்புல சாணிக்காக ஒரு மாட்டுப் பின்னாடியே ஒரு மணி நேரம் நடந்தேன் தங்கச்சி" என்றார் சிவபாண்டி. "கையில பிளாஸ்டிக் பையி வேற. மாட்டுக்காரன் என்னையக் களவாணின்னு நெனச்சு வெரட்டிட்டான்."

செல்லத்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "பாரிக்கு ஒத்திகை மதினி. ஊருக்கு வந்து எட்டு நாள் தங்க முடியாது, இவளுக்கு நாள் நெருங்கிருச்சு. இங்கேயே வளக்கலாம்னா தண்ணி உப்பு. முளைக்குமோ என்னவோன்னு பயம். அதான் ஒரு சட்டி போட்டுப் பாத்தேன். இன்னைக்கு ஏழாம் நாளு."

"ஒத்திகைக்கா கறி திங்காம கெடந்த?"

"ஆத்தா பாத்துக்கிட்டுல்ல இருப்பா!"

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ எடுன்னு சொல்லிருவ. சொல்லிட்டாக் கேட்டு எடுத்ததா ஆயிரும்ல?"

சோணையம்மாள் தன் பையின் அடியில் இருப்பதை நினைத்துக்கொண்டாள். ஒரே வழக்கத்தை இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவளும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

"வா, வந்து பாரு. ஆத்தாளுக்குப் போட்டது இல்ல, கண்ணு பட்டாப் பரவால்ல" என்று செல்லத்தாய் கதவைத் திறந்தாள்.

உள்ளே கும்மிருட்டு. ஜன்னலைப் பிரிஜ்ஜு வந்த அட்டைப்பெட்டி அடைத்திருந்தது. எருவும் ஈர வைக்கோலும் கலந்த வாசம் மூச்சை நிறைத்தது. கவிழ்த்த வாளியின் மேல் மண்சட்டி. அதில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு, கோழிக்குஞ்சு நிறத்தில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எழுந்து நின்றது பயிர்.

சோணையம்மாள் வாயில் கை வைத்தாள். இரண்டு போகம், முப்பது வருஷம், எத்தனை ஆயிரம் நாற்றை நட்டிருப்பாள். மண் இருக்கிற இடத்தில் முளைப்பதில் என்ன இருக்கிறது? இங்கே கீழே மூன்று வீடு. அந்த மூன்று வீட்டுக்கும் கீழே தூண். தூணுக்கும் கீழேதான் மண். காற்றில் தொங்குகிற ஒரு குளியலறையில், உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, எவனோ ஒருவன் மாட்டின் சாணியில் இது எழுந்து நிற்கிறதே! நேற்று மாடியில் கண்ட மலையும் விளக்கும் எல்லாம் இதற்கு முன்னால் சின்னதாகத் தெரிந்தது.

ஆனால் அவள் கண் சும்மா இருக்குமா?

"எல்லாம் வடக்காமச் சாஞ்சிருக்கே. எங்கிட்டோ வெளிச்சம் ஒழுகுது."

"அதான் எனக்கும் புரியல. இப்படிச் சாஞ்ச பாரிய எப்படித் தூக்குறது?" என்றாள் செல்லத்தாய். சிரிப்புப் போய்விட்டது. "அதுக்காகவே வேணாம்னு விட்டுறலாமான்னு இருந்தேன்."

"கதவச் சாத்து."

இருட்டில் இரண்டு பேரும் நின்றார்கள். கண் பழகியதும் தெரிந்தது. மேலே காற்றாடி பொருத்தியிருந்த ஓட்டையின் ஓரமாக, ஊசி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு. முளைத்த அத்தனை தலையும் அதைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

சோணையம்மாள் வெளியே வந்து கட்டைப்பையில் கைவிட்டாள். முருங்கைக்காயை ஒதுக்கி மஞ்சப்பையை உருவினாள். "மடியப் பிடி" என்று சொல்லி, உள்ளே இருந்ததையெல்லாம் செல்லத்தாயின் முந்தானையில் கொட்டினாள். மொச்சையும் பயறும் கலகலவென்று விழுந்தன.

செல்லத்தாய் விதையைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். "இது எதுக்கு மதினி?"

"அது ஒண்ணுமில்ல. எனக்குப் பைதான் வேணும், அதான் கொட்டுனேன்" என்று சொல்லிவிட்டு, சோணையம்மாள் சட்டியை இறக்கி வைத்து, வாளி மேல் ஏறி, வெறும் பையை மடித்து அந்த ஓட்டையில் திணித்தாள். கோடு அணைந்தது.

செல்லத்தாய் முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டாள். இரண்டு பேரும் அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செவ்வாய்க்கிழமை, சட்டியில் போட ஊர்க் கோயிலில் பிடிமண் வாங்க சிவபாண்டி வருவார் என்பது மட்டும் பேச்சோடு பேச்சாக முடிவானது. பஸ்ஸில் முளைப்பாரியைக் கொண்டுவந்தால் கண்டக்டர் டிக்கெட் கேட்பாரே என்று அவர் இழுத்தார்.

"டவுன் பஸ்ஸுல பொம்பளைக்கு ஏதுண்ணே டிக்கெட்டு?" என்றாள் சோணையம்மாள். "முளைப்பாரியும் ஆத்தாதான?"

சாயங்காலம்தான் கிளம்பினாள். லிஃப்ட் கீழே இறங்கியபோது கிணற்றுக் கூச்சம் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. அன்னக்கொடி.

"என்ன மதினி, பாத்துட்டியா? உன் இடப்பக்கம் யாரப் போடட்டும்?"

"ஆளு இருக்கு. போனை வையி, பஸ்ஸு வருது."