மொரிதாவுக்காக நேர்ந்த அரிசி

கொட்டாரத்தில் பூங்கனி துணி காயப்போடும் கொடியும் ஓரகத்தி செல்லக்கனியின் கொடியும் ஒரே தென்னையில் கட்டியவை. 1947 பங்குனியில் செல்லக்கனியின் சேலைக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட கைலிச் சாரம் ஒன்று காயத் தொடங்கியது. பூங்கனி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பிக்கொண்டாலும் அது காய்ந்துவிட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும்.

சாரம் கொழுந்தன் தாணுலிங்கத்துடையது. அவனும் பூங்கனியின் கணவன் சுயம்புவும் உலகச் சண்டைக்கு முன்பே பினாங்கு போய் ஓர் ஐஸ் ஆலையில் சேர்ந்தவர்கள். தம்பி ஐஸ் பாளம் சுமந்தான். அண்ணன் எந்திரத்தில் நின்றான். ஜப்பான்காரர்கள் ஊரைப் பிடித்ததும் மொரிதா என்ற மெக்கானிக் வந்து எந்திரங்களை மாற்றிப் பூட்டினான். சுயம்பு அவனுக்குக் கையாள் ஆனான். சண்டை முடிந்து திரும்பி வந்த வெள்ளைக்காரர்கள், ஜப்பான் குடும்பங்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, எந்திரம் தெரிந்த சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மொரிதா நின்றான். அவன் பேச்சு புரிந்த சுயம்புவும் நின்றான். பாளம் சுமந்தவன் வீடு வந்து சேர்ந்தான்.

"அக்கா, மச்சானுக்க காயிதம் வந்தா?" என்பாள் செல்லக்கனி. "கெட்டிக்காரன ஆரு விடுவா? எங்க ஆளுக்குச் சொமக்கத்தான தெரியும், போடா வீட்டுக்குண்ணு தள்ளிவிட்டுட்டான்."

"போயிட்டு வேலையப் பாருட்டி," என்பாள் பூங்கனி. ஒரு காலத்தில் கணவனின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிச் செல்லக்கனியை மட்டம் தட்டியவள் அவள்தான்.

'மொரிதா போய்விட்டால் என் பாடும் தீரும்' என்று சுயம்பு எழுதியிருந்தான். மொரிதாவின் பெட்டிக்குள் அவன் மனைவியின் படம் இருப்பதாகவும், குடை பிடித்து நிற்பதாகவும் எழுதியிருந்தான். பூங்கனி அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போய், மொரிதா ஊர் போய்ச் சேர்ந்தால் அன்னதர்மத்துக்கு ஒரு மரக்கால் அரிசி தருவதாக நேர்ந்துகொண்டாள். கணவன் பெயரை அவள் சொல்லவில்லை. அவன் போனால் இவன் தானாக வருவான் என்பது அவள் கணக்கு. அங்கே சிலைக்குப் பதில் இருக்கும் அய்யாவின் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் தன் முகத்துக்குப் பக்கத்தில் அந்தக் குடைக்காரி நிற்பதுபோல இருக்கும். இரண்டு பேருக்கும் சேர்த்தே கும்பிட்டாள்.

கார்த்திகையில் கடிதம் வந்தது. 'மொரிதா கப்பலேறிவிட்டான். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இனி எந்திரமெல்லாம் என் பொறுப்பு. என் பெயரைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு லீவு இல்லை என்கிறார் துரை.'

பலகையைப் பற்றிய வரியில் எழுத்து பெரிதாக இருந்தது. பூங்கனி அதைக் கவனித்தாள். குடையை மடக்கி வைத்துவிட்டு, மொரிதாவின் துணியைக் கொடியில் விரிக்கும் அந்தக் குடைக்காரியை நினைத்தபோது வயிறு எரிந்தது. செல்லக்கனியாவது கண்ணெதிரே இருக்கிறாள், ஒரு சுடுசொல்லாவது சொல்லலாம்.

மறுநாள் காலை அரிசியை அளந்து தலையில் ஏற்றினாள்.

"மச்சான் வரலியே, பின்ன இது எதுக்குக்கா?" என்றாள் செல்லக்கனி.

"ஜப்பான்காரன் போணும்னுதான் நேந்தேன். போயிட்டாம்லா."

செல்லக்கனி சிரிக்கவில்லை. பாதி காய்ந்த சாரத்தை எடுத்து உள்ளே கொண்டுபோனாள். அதுவும் பூங்கனிக்குப் பிடிக்கவில்லை.

தாங்கலில் அரிசியைக் கொடுத்துவிட்டு வந்து, பூங்கனி சுயம்புவுக்கு எழுத உட்கார்ந்தாள். நலம் விசாரிப்பு ஒரு வரியோடு முடிந்தது.

'உடனே ஒரு கையாளைச் சேருங்கள். தெரிந்ததையெல்லாம் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். கல்யாணம் ஆகாதவனாகப் பார்த்துச் சேருங்கள்.'