குருவின் பேரில் நான் சொன்னது

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை என்று தெரியவந்த வருடம்தான் நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றேன். நகரி சுற்றுவட்டாரத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி இறந்த பிறகு புத்தூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாரத்தில் மூன்று நாள் காலை ரயிலில் அவரைத் திருப்பதிக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போவேன். நாலு மணி நேரம் அவர் கட்டிலில் படுத்திருப்பார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். பழைய காஞ்சியில் ஓர் உப்பு வணிகன். ஒரே மகள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். நிலையாமையை உணர்ந்து, கடையையும் மனைவியையும் விட்டுவிட்டு, பௌத்த விகாரையில் போய்ச் சேர்ந்து பிக்கு ஆகிறான். பௌத்தம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்பில் நடத்தியதும், வாங்கிப் படித்த நாலைந்து புத்தகங்களும்தான்.

என்ன எழுதுகிறாய் என்று அண்ணன் கேட்டார். படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாவது அத்தியாயத்தில் அந்தச் சிறுமி சாகிறாள். சாகும் முன் பானைத் தண்ணீர் கேட்கிறாள். காய்ச்சல் ஏறிவிடும் என்று பயந்து அம்மா கொடுக்காமல் இருந்துவிடுகிறாள். திரும்பி வரும்போது ரேணிகுண்டாவில் ரயில் நின்றது. அப்போதுதான் அண்ணன் கேட்டார்.

"அது நம்ம பாப்பா தான?"

"ஆமாணா. உன்னக் கேக்காம எழுதிட்டேன்."

ரயில் கிளம்பியது. பிறகு சொன்னார்: "எழுதிக்கோ. ஆனா அவனுக்கு ஞானம் வந்துதான் போனான்னு எழுதாத. அந்த வீட்ல இருக்க முடியல. அதான் போனான்."

அண்ணன் மகள் பாப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அதன் பிறகு ஆறேழு மாதம் அண்ணன் மாந்தோப்பிலேயே கிடந்தார். சோறு கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார், வீட்டுக்கு வரமாட்டார். அண்ணி தனியாக அழுதுகொண்டிருந்தாள். நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று நான் அவரை எத்தனையோ வருடம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று ராத்திரியே வணிகன் வீட்டைவிட்டுப் போகும் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்தக் கதை பாதி அவருடையது. தியானத்தில் கண்ணை மூடினால் பிக்குவுக்கு மகள் முகம் வராதா, வந்தால் என்ன செய்வான் என்று கேட்டார். யோசித்து, விகாரையில் பிக்குவுக்குப் பாடம் சொல்லும் குருவின் வாயில் ஒரு பதிலை வைத்தேன்: நினைவை விரட்டாதே, பிடித்தும் வைக்காதே, வருவது வரட்டும், போவது போகட்டும். அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இரண்டாவது வருடம் டயாலிசிஸ் ஊசி போடும் கை நரம்பு அடைத்துப்போய்க் கழுத்தில் குழாய் வைத்தார்கள். கால் நரம்புகள் சுண்டி இழுக்கும். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்கவேண்டும். சொந்தத் தோப்பு மாம்பழத்தைத் தொடக்கூடாது. கோடையில் ஒரு நாள் காலை நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நின்றேன். அவர் கட்டிலைவிட்டு எழவில்லை.

"நான் வரல. இதோட போதும்மா. வாய்க்கு ருசியா துன்ன முடியல, தண்ணி குடிக்க முடியல. மெஷினுக்கு ஓடிக்கினே இருக்குறேன்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார். எனக்குத் தெரியாமல் கேட்டிருக்கிறார். பத்துப் பதினைந்து நாள் என்றாராம். அதை ஊருக்குப் போய்வருவது போலச் சொன்னார்.

"உன் பிக்கு எல்லாத்தையும் உட்டுட்டான். நான் இத உடக்கூடாதா?"

எனக்குப் பயம். அந்த வீட்டில் தனியாகக் கிடக்கவேண்டுமே என்ற பயம் மட்டும்தான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முந்தின நாள் எழுதியிருந்த பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. வேண்டும் வேண்டும் என்பது ஆசை என்றால், இல்லாமல் போய்விடவேண்டும் என்பதும் ஆசைதான், அதுவும் பற்றுதான் என்று குரு பிக்குவிடம் சொல்கிறார். அதைச் சொன்னேன்.

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இத நீ சொல்றியா, அவரு சொல்றாரா?"

"அவருதாண்ணா."

சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த ரயிலில் போனோம்.

குரு சொன்னதில் தப்பு இல்லை. புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பற்று யாருக்கு என்பதை நான் அவரிடம் மறைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு மாதம் அவர் ஒரு நாள்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள் டயாலிசிஸ் பாதி நடக்கும்போதே இதயம் தடுமாறியது. ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். தொண்டையில் குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைக்கலாமா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு நாள் இருந்தார். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். நாலாவது நாள் நினைவு தெளிந்து என்னைப் பார்த்தார். நான் அவர் காதருகே குனிந்தேன்.

"அன்னிக்கு குரு சொல்லலணா. நான்தான் சொன்னேன். தனியா இருக்க பயமா இருந்துச்சு."

கண்ணை மூடித் திறந்தார். அது பதிலா, மருந்து மயக்கமா என்று தெரியவில்லை. ஆறாம் நாள் மத்தியானத்துக்கு முன்பே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வருடம் நாவலைத் தொடவில்லை. பிறகு எடுத்தபோது, குருவின் அந்த வரியை அடிக்கப் பேனாவை வைத்தேன். அடிக்க முடியவில்லை, உண்மையான வரி அது. விட்டுவிட்டேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றினேன். முன்பு அதில் பிக்கு போதிமரத்தடியில் அமைதி அடைந்து உட்கார்ந்திருப்பான். இப்போது விகாரைக்கு ஒரு கிழவி சாகக்கிடக்கும் மகனைத் தூக்கிவந்து போடுகிறாள், இவனை எப்படி விடுவது என்று கேட்கிறாள். பிக்குவுக்கு எல்லாப் பாடமும் மனப்பாடம். ஒன்றையும் சொல்லவில்லை. ஈரத்துணியால் அந்த மகனின் காலைத் துடைத்துவிடுகிறான். கிழவி அழுகிறாள், அவளை அழவேண்டாம் என்றுகூட அவன் சொல்லவில்லை.

அண்ணனுக்கு இதைப் படித்துக் காட்ட முடியவில்லை. சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.