சுகமில்லாதவருக்குப் பதிலாக வந்த மச்சாள்

சுகமில்லை என்று சொல்லாமல் ஏன் ஆளை அனுப்புகிறார்கள் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு பல் வைத்தியசாலையின் ஈரத்தரையில், காலை ஏழு மணிக்கு. யாரோ தெரியாத பெண் கதவுத் திறப்போடு உள்ளே நிற்கிறார் என்று வரவேற்பில் இருந்தவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். டிராம் பிடித்து ஓடினேன். பல்கலைக்கழகத்தில் நிர்வாகம் படித்துக்கொண்டு, எங்கள் ஊர் அக்கா ஒருவர் நடத்திய துப்புரவு நிறுவனத்தில் அரைநாள் அலுவலக வேலை செய்துவந்தேன். எங்களிடம் ஒன்பது பணியாளர்கள். ஒன்பது முகமும் எனக்குத் தெரியும். இது பத்தாவது.

"நீங்கள் ஆர், அக்கா?"

"நான் இஞ்ச வழமையாத் துடைக்க வாறவவின்ர மச்சாள். அவவுக்குக் காய்ச்சல், எழும்ப ஏலாது. அதான் நான் வந்தனான்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"என்னத்துக்குச் சொல்லுவான்? வேலை நடக்குதுதானே. பாருங்கோ, அவவைவிட வடிவாத் துடைச்சிருக்கிறன்."

உண்மைதான். மூலைகூடப் பளபளத்தது. ஆனால் அவர் எங்கள் பதிவில் இல்லை. வழுக்கி விழுந்து கையை முறித்தால் காப்புறுதி இல்லை. சோதனைக்கு யாராவது வந்தால் அக்காவின் தொழிலே போகும். அன்று மதியம் வைத்தியசாலையிலிருந்து ஃபாக்ஸ் வந்தது. இது இரண்டாம் தடவை, இன்னொரு முறை அறிமுகமில்லாதவர் திறப்போடு வந்தால் ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டே வரி. எங்கள் ஒன்பது பேரில் ஐந்து பேர் வேலை செய்தது அந்த வைத்தியசாலையிலும் அதன் கிளைகளிலும்தான்.

வேலைக்கு வராதவர்களைப் பற்றி என் பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயமே இருந்தது. வராமலே வேலையை முடித்துவிடுகிறவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காய்ச்சல்காரியையே பார்க்கப் போனேன்.

போர்வைக்குள் இருந்தார். கணவர் இஞ்சித் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"டொக்டரிட்டைப் போய் கிராங்கன்ஷைன், அந்தச் சுகயீனத் துண்டு, எடுத்திருக்கலாமே, அக்கா? அது உங்கட உரிமை."

"உரிமைதான். ஜேர்மன் முதலாளியெண்டா எடுத்திருப்பன், ரெண்டு நாள் கூடவும் படுத்திருப்பன். இவ எனக்கு வேலை தந்தவ. இவவிட்டை டொக்டரின்ர துண்டை நீட்டுறது, கோட்டுக்கு இழுக்கிற மாதிரியெல்லோ?"

கணவர் அடுப்படியிலிருந்து சொன்னார்: "கலியாண வீட்டில சமைக்க ஒப்புக்கொண்டனீங்கள் எண்டு வையுங்கோ. ஏலாட்டி ஆளை அனுப்பாமல் விடுவியளோ?"

இதை முதலாளி அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவர் நெற்றியைத் தேய்த்தார்.

"நான் ஒருத்தரையும் ஒரு சொல்லுச் சொன்னதில்லையே, பிள்ளை."

"அதுதான் பிரச்சினை, அக்கா."

"அப்ப அவையளை ஏசிப் பேசச் சொல்லுறீரோ?"

பேச வேண்டாம், அறிவித்தல் ஒட்டுவோம் என்றேன். சுகமில்லாவிட்டால் ஆறு மணிக்குள் அழைக்கவும் என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பெப்ரவரி மாதம், டிராம் முழுக்க இருமல். எங்கள் தொலைபேசி மட்டும் இரண்டு வாரம் ஒலிக்கவே இல்லை. சரி, நானே அழைப்போம் என்று காலை ஐந்தேகாலுக்கு ஒவ்வொருவராகக் கேட்டேன். "சுகமோ?" "ஓம், சுகம்," என்றார் ஒருவர், சொல்லிவிட்டு ஒரு நிமிடம் இருமினார்.

வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை என்பதால் அக்காவே அழைத்தார். தூக்கக் கலக்கத்தில் நலம் விசாரிக்க மறந்து நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்: "பல்லு டொக்டரிட்டை இண்டைக்கு ஆர் போகினம்?"

"என்ர தங்கச்சி போறாள், அக்கா." அன்று அங்கே வேலை இருந்தவரிடமிருந்து தயக்கமே இல்லாத பதில்.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஓடினார். தங்கச்சி திறப்பைத் துவாரத்தில் போடும்போது போய்ச் சேர்ந்தார். வரவேற்புக்காரர் வருவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அன்றைய தரையை அக்காவே துடைத்தார்.

இதைக் கேட்டதிலிருந்து பரீட்சை எப்படிப் போனது என்பதே எனக்கு ஞாபகமில்லை. சுகமில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. ஆளை அனுப்புகிறேன் என்று சொல்வதோ அவர்களுக்குப் பெருமை. அப்படியானால் அந்தப் பெருமையையே பதிவில் ஏற்றினால் என்ன? ஒவ்வொருவரும் தனக்குப் பதிலாக வரக்கூடிய ஒருவரை முன்கூட்டியே கூட்டிவரட்டும். அவர்களை மினிஜொப் என்ற சிறு பகுதிநேர வேலையில் முறைப்படி பதிந்து, படம் எடுத்து, வைத்தியசாலையில் அறிமுகம் செய்துவிடலாம்.

"அப்ப ஒன்பது பேர் இல்லை, பதினெட்டுப் பேரெல்லோ?" என்றார் அக்கா.

"இப்பவும் பதினெட்டுப் பேர்தான், அக்கா. உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்."

சிரிக்கவில்லை, ஆனால் படிவங்களை எடுத்துவரச் சொன்னார். சனிக்கிழமை பத்து மணிக்கு எல்லோரையும் ஆளோடு வரச் சொல்லியிருக்கிறோம். வருவார்களா, அல்லது தங்களுக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்புவார்களா தெரியாது. திங்கள் காலையிலிருந்து அழைப்பது நான். முதலில் யார் போகிறார்கள் என்றுதான் கேட்கப் போகிறேன். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு.