சாக்ஸும் அரக்குச் சாயமும்

புது கான்வாஸ் ஷூ மழையில் நனைந்தால் ஒரு ரப்பர் வாசனை வரும். அந்த வாசனை வந்தாலே எனக்குப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைதான் ஞாபகம்...

அப்போது நான் அங்கே சேல்ஸ்மேனாகச் சேர்ந்து பத்து நாள். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் பெர்மனன்ட் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அரக்கு கலரில் ஒரு கான்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன். இதற்கு சாக்ஸ் போட்டால் ஸ்கூல் பையன் மாதிரி இருக்கும் என்றான் நண்பன். போடவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. வாலாஜாபாத் பஸ்ஸில் இருந்து இறங்கி நனைந்துகொண்டே வந்தேன். கடை வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் ஏறினேன். எதிரே ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும்.

பத்துப் புடவை பிரித்த பிறகு, அந்தப் பெண் ஓர் அரக்குப் புடவையை மடியில் வைத்துக்கொண்டாள். விடவே இல்லை.

அம்மா விரிப்பைப் பார்த்தார். சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள்.

"இன்னாபா, சாயம் போகுது?"

காஞ்சிபுரத்துக் கடையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், இதை மட்டும் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து, புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் கையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தத் திட்டுகளுக்கு ஐந்து விரல் இருந்தது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கடையின் பெயர் போகும். பயமாகத்தான் இருந்தது...

காலைத் தூக்கிக் காட்டினேன். "பொடவையில இல்லமா... என் கால்ல."

பாதம் முழுக்க அரக்கு.

அம்மா ஈரக் கைக்குட்டையால் முந்தானையைத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு புடவையைத் திரும்ப மடியில் எடுத்துக்கொண்டாள்.

முதலாளி கல்லாவுக்குத் திரும்பிப் போனார். சாயந்திரம் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு சாக்ஸ் போட்டுக்கினு வாபா."

சாக்ஸ் என் காதில் விழவில்லை. 'நாளைக்கு' மட்டும்தான் விழுந்தது.

போன மாதம் என் மகளின் கல்யாணப் புடவைக்கு அதே கடைக்குப் போனோம். லோஃபர் ஷூவுக்கு யாராவது சாக்ஸ் போடுவார்களா என்று வழியெல்லாம் மகளின் கிண்டல். வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தேன்.

"பரவால்ல சார், அப்டியே வாங்க" என்றார் வாசலில் நின்ற பெண்.

உள்ளே மெத்தை இல்லை, சேர் போட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் நான் சாக்ஸ் போட்டது, ஒரு நாள் அந்த வெள்ளை விரிப்பில் கறை படாமல் ஏறி நின்று காட்டத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.